நான் கூட்டிச் சொன்ன எட்டு விநாடி

பதினான்கு வயதில் எனக்கு உட்காரத் தெரியாது. வகுப்பில் பெஞ்சு நுனியில் ஒரு தொடை இருக்கும், மற்றக் கால் தரையில் ஆடிக்கொண்டே இருக்கும். கால் ஆடினால் பெஞ்சு ஆடும். பெஞ்சு ஆடினால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஹனியாவின் எழுத்து கோணும். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். ரப்பரால் அழித்துவிட்டு மறுபடி எழுதுவாள்.

சொன்னவர் கணக்கு வாத்தியார் லார்பி. ஒல்லியான மனிதர், வருடம் முழுக்க ஒரே பழுப்புக் கோட்டு. தப்பான விடைக்கு அரை மதிப்பெண்கூடத் தராததால் அவருக்குப் பள்ளியில் ‘பூஜ்யம்’ என்று பெயர்.

“இஸ்ஸா, உனக்கு அடியில ஆணி ஏதாவது குத்துதா?”

“இல்ல உஸ்தாத்.”

“அப்போ நீயேதான் ஆணி. எழுந்திரு. கிரவுண்டை பத்து சுத்து சுத்திட்டு வா. உடம்புல இருக்கிற பேயெல்லாம் இறங்கட்டும்.”

அது அக்டோபர். எங்கள் மலையூர் மிடெல்ட்டில் அந்த மாதத்துக் காற்று ஆப்பிள் வாசனையோடு தூசியையும் அள்ளிக்கொண்டு வரும். பிளாஸ்டிக் செருப்போடு ஓடினேன். நான்கு பக்கமும் சுவர், நான்கு மூலை, மூலைக்கு ஒரு பாப்லர் மரம். பத்தும் முடித்துக் கதவைத் தட்டியபோது அவர் பலகையில் எழுதத் தொடங்கிய கணக்கே முடியவில்லை.

“என்ன, அதுக்குள்ள?”

“பத்தும் முடிஞ்சுது உஸ்தாத்.”

“நாலு ஓடியிருப்பே.”

“பத்து.”

“பொய்க்கு நான் என்ன மார்க் போடுவேன்னு தெரியுமில்ல?”

வகுப்பே சேர்ந்து “பூஜ்யம்!” என்று கத்தியது. அவர் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி ஹனியாவிடம் கொடுத்து, ஜன்னலோரம் நின்று எண்ணச் சொன்னார். நான் மறுபடி ஓடினேன். ஹனியா பொய் சொல்லாதவள் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் சொன்னாள்: “பத்து சுத்து உஸ்தாத். ஏழரை நிமிஷம்.”

லார்பி பலகைக் கணக்கைப் பாதியில் விட்டார். பிறகு கயிறு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, வகுப்பையே வெளியே இழுத்துப் போய்த் திடலை அளக்கவைத்தார். ஒரு சுற்று நூற்று எண்பத்து நான்கு மீட்டர். பலகையில் வகுத்துக் காட்டினார். நிமிடத்துக்கு இருநூற்று நாற்பத்தைந்து மீட்டர். “இந்தக் கணக்கை யாரும் அழிக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுச் சமன்பாட்டுக்குத் திரும்பினார்.

அதற்குப் பிறகு நான் கெட்டுப்போனேன். கணக்கு வகுப்பு வாரத்தில் ஐந்து நாள். ஐந்து நாளும் ஏதாவது செய்தேன். சீட்டி அடித்தேன், சாக்பீஸ் எறிந்தேன், ஒரு நாள் பெஞ்சுக்கு அடியில் பூனைக்குட்டியை வைத்திருந்தேன். அவர் தலையைக்கூடத் தூக்காமல் கதவைக் காட்டுவார். நான் பறப்பேன். திரும்பி வந்ததும் நேரத்தைச் சொல்வேன், அவர் பலகையின் மூலையில் எழுதுவார். டிசம்பருக்குள் அது ஆறு நிமிடம் ஐம்பது விநாடிக்கு வந்துவிட்டது.

விளையாட்டு வாத்தியார் மீமூனுக்குப் பையன்களின் கால்பந்தைத் தவிர வேறு உலகம் கிடையாது. ஏதோ சாவி கேட்டு எங்கள் வகுப்புக்குள் வந்தவர் பலகையின் மூலையைப் பார்த்து நின்றுவிட்டார்.

“லார்பி, இது எந்தப் பையன்?”

“பையன் இல்ல. அதோ அந்த ஆணி.”

மீமூன் என்னை மேலும் கீழும் பார்த்தார். அன்று மாலையே பிப்ரவரியில் கெனிஃப்ராவில் நடக்கும் பள்ளிகளுக்கிடையேயான மேட்டு நில ஓட்டத்துக்கு என் பெயரை எழுதி அனுப்பினார். போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது பனியில் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். ஆசிரியர் யாராவது கூடப் போகாவிட்டால் மாணவியை அனுப்ப முடியாது என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் ஏதாவது ஒரு வேலை இருந்தது.

“நான் போறேன்,” என்றார் லார்பி. “ஆனா எனக்கு பஸ்ஸு ஒத்துக்காது.”

உண்மையிலேயே ஒத்துக்கொள்ளவில்லை. முதல் வளைவிலிருந்து கடைசி வளைவு வரை அவர் தலை ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது. அம்மாவை நான் இம்மா என்றுதான் கூப்பிடுவேன்; அவள் எனக்காகக் கட்டிக்கொடுத்த அவித்த முட்டையின் வாசனை பட்டதும், “அதைத் தூரப் போடு, இல்லேன்னா நான் இறங்கி நடந்தே வரேன்” என்றார்.

கெனிஃப்ராவின் சிவப்பு மண் மழையில் குழைந்து கிடந்தது. எனக்குச் சதுரமாகத்தான் ஓடத் தெரியும். அங்கே பாதை மேடேறியது, பள்ளத்தில் இறங்கியது, பாம்பு போல வளைந்தது. துப்பாக்கி வெடித்ததும் தண்டனைக்கு ஓடுகிறவளைப் போலவே முழு மூச்சில் கிளம்பினேன். இரண்டு கிலோமீட்டர் வரை எனக்கு முன்னால் ஒருத்தியும் இல்லை. வெளிறிய முகத்தோடு கயிற்றோரம் நின்ற லார்பி, “பதினொண்ணு! பதினொரு செகண்டு முன்னாடி!” என்று கத்தினார். அவருக்கு வேறெதுவும் கத்தத் தெரியாது. பிறகு விலாவில் கத்தி இறங்கியது. அஸ்ரூவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். மூன்றாவதாக வந்து சேற்றில் விழுந்தேன்.

தலைநகரிலிருந்து வந்திருந்த ஒரு பயிற்சியாளர், குட்டை முடி வைத்த பென்ஷக்ரூன் மேடம், எங்களைத் தேடி வந்தார்.

“இந்தப் பொண்ணுக்கு யாரு பயிற்சி குடுத்தது?”

“யாரும் இல்ல மேடம். நான் கணக்கு வாத்தியார். சத்தம் போடுறவங்களை வெளிய துரத்துவேன், அவ்வளவுதான்.”

அவர் சிரித்துவிட்டார். செப்டம்பரில் தலைநகர் ரபாத்தின் ஓட்டப் பயிற்சி விடுதியில் ஓர் இடம் தருவதாகச் சொன்னார். படிப்பும் அங்கேயே.

என் அப்பா லாரி ஓட்டுகிறவர். வெள்ளிக்கிழமை வந்ததும் விடுதிச் சேர்க்கைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஓடுறதுக்குன்னு ஒரு பள்ளிக்கூடமா? வேளாவேளைக்குச் சோறு போடுவாங்களா?” என்று கேட்டார். இம்மா அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள்: “கையெழுத்துப் போடுங்க. இந்த வீட்டுல இவ இடிக்காத சுவர் ஒண்ணு ரெண்டுதான் மிச்சம் இருக்கு. அதாவது நிக்கட்டும்.”

ரபாத்தில் எல்லாம் இருந்தது. ரப்பர் ஓடுபாதை, முள் வைத்த காலணி, வாரத்துக்கு மூன்று நாள் இறைச்சி. பென்ஷக்ரூன் மேடம் நல்லவர். எல்லாவற்றுக்கும் ஒரு அட்டவணை வைத்திருந்தார். அதில் ஓடுவதைவிட ஓய்வுதான் அதிகம். மதியம் இரண்டு மணி நேரம் கட்டாயத் தூக்கம். பன்னிரண்டு பெண்கள் அடுக்குக் கட்டில்களில் நேராகப் படுத்திருப்பார்கள். பதினொரு பேர் தூங்குவார்கள். நான் மேற்கூரையில் விரிசல்களை எண்ணிக்கொண்டிருப்பேன். என் கால்கள் போர்வைக்குள் தாமாகவே ஓடும். கீழ்க் கட்டில்காரி எட்டி உதைத்து, “ஏய் மலைக்காரி, கட்டிலை ரபாத்துலயே விட்டுட்டுப் போ, மிடெல்ட்டுக்குக் கொண்டு போயிடாத” என்பாள்.

வாரத்துக்கு இரண்டு நாள் ஓடவே கூடாது. அந்த இரண்டு நாளும் எனக்கு மூச்சு முட்டும். மூன்றாம் வாரத்திலிருந்து விடியற்காலைத் தொழுகை அழைப்புக்கு முன்பே எழுந்து, பின்கதவைத் திறந்துகொண்டு யூகலிப்டஸ் காட்டுக்குள் ஓட ஆரம்பித்தேன். நாற்பது நிமிடம். யாருக்கும் தெரியாமல் வந்து படுத்துக்கொள்வேன். அப்போதுதான் நாள் முழுவதும் மனிதர்களோடு இருக்க முடிந்தது.

அக்டோபர் கடைசியில் கணுக்காலுக்கு மேலே ஒரு வலி. பல்வலி மாதிரி, விட்டு விட்டு வரும். சொன்னால் ஓய்வு என்பார்கள் என்று சொல்லவில்லை. நவம்பர் கடைசியில் ஒரு தேர்வு ஓட்டத்தில், மூன்றாம் சுற்றில், காலுக்குள் ஏதோ சுள்ளி முறிந்தது போலச் சத்தம் கேட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டது. அடுத்த அடியை வைக்க முடியவில்லை.

மாவுக்கட்டு போட்ட பிறகு பென்ஷக்ரூன் மேடம் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

“நான் குடுத்த பயிற்சியில எலும்பு உடையாது. உண்மையைச் சொல்லு. காலைல எங்க போற?”

சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்று, “எலும்பு ஒட்டட்டும். அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்றார். அடுத்த வருடம் கடிதம் எதுவும் வரவில்லை.

டிசம்பரில் ஊருக்குத் திரும்பினேன். கைகளுக்கு இரண்டு ஊன்றுகட்டைகள், இடக்காலில் மாவுக்கட்டு. ரொட்டி அடுப்புக்காரர் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் ஒரே கேள்வி: “என்னம்மா, அனுப்பிட்டாங்களா?” இம்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. காலுக்கு அடியில் ஒரு தலையணையை வைத்துவிட்டு சூப்பைக் கையில் கொடுத்தாள்.

பருவத்தின் நடுவில் சேர்த்துக்கொள்ள முடியாது என்று தலைமையாசிரியர் இழுத்தார். லார்பி அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்து, “நாளைக்கு எட்டு மணிக்கு வா, கடைசி பெஞ்சு” என்றார்.

அடுத்த நாள்தான் பார்த்தேன். நான் இல்லாத மூன்று மாதத்தில் பள்ளிக்கூடம் மாறியிருந்தது. என்னைப் பார்த்து மற்றவர்களும் வெளியே போவதற்காகச் சத்தம் போட ஆரம்பித்தார்களாம். கதவுக்கு வெளியே தண்டனைக்கு வரிசை நின்றதாம். ஒரு நாள் ஹனியா, அதுவரை வகுப்பில் வாயே திறக்காத ஹனியா, எழுந்து நின்று, “உஸ்தாத், சத்தம் போடாதவங்க ஓடக் கூடாதா?” என்று கேட்டாளாம். லார்பி தலைமையாசிரியரிடம் கேட்டுச் செவ்வாயும் வெள்ளியும் கடைசி மணியை ஓட்டத்துக்கு வாங்கிவிட்டார். தோள் சரியாகிவந்த மீமூனும் கால்பந்துப் பையன்களுக்குப் போக மிச்ச நேரத்தில் ஊதலோடு வந்து நின்றார். கட்டம் போட்ட தாளில் ஒரு பெரிய அட்டவணை சுவரில் தொங்கியது. அதன் தலையில் சிவப்பு மையில்: இஸ்ஸா, 6 நிமிடம் 50. அதற்குக் கீழே, நெருங்கி நெருங்கி ஏறிக்கொண்டிருந்த ஒரே பெயர் ஹனியா.

ஜன்னலோரம் நின்று எனக்கு எண்ணிச் சொன்னவள். கனமான கால்கள், ஓடும்போது தோள் இரண்டும் காதைத் தொடும். ஆனால் அவளுக்கு என்னிடம் இல்லாத ஒன்று இருந்தது. முதல் சுற்றும் பத்தாவது சுற்றும் ஒரே மாதிரி ஓடுவாள். லார்பி சொன்ன நேரத்துக்கு, சொன்ன மூலையில் இருப்பாள்.

முதல் வாரம் வகுப்பில் நான் மேசையைக் குத்தினேன், நகத்தைக் கடித்தேன், மாவுக்கட்டுக்குள் பென்சிலை விட்டுச் சொறிந்தேன். லார்பி ஒரு நாள் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் முன்னால் வைத்தார்.

“உனக்கு உட்காரத் தெரியாது. ஓடவும் முடியாது. எண்ணத் தெரியுமில்ல? இனிமே நேரம் பாக்குறது நீ. நான் நோட்டு திருத்தணும்.”

அப்படித்தான் அது என் கைக்கு வந்தது. செவ்வாயும் வெள்ளியும், உறைந்த தரையில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு, மாவுக்கட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அயாஷி மலை முழுக்க வெள்ளை. ஹனியா வாயிலிருந்து புகை விட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவாள். மாவுக்கட்டுக்குள் என் கால் அவளோடு ஓடும். ஒவ்வொரு மூலையிலும், நானாக இருந்தால் இங்கே முந்தியிருப்பேன் என்று உடம்பு துடிக்கும்.

ஜனவரி முதல் வெள்ளிக்கிழமை அவள் கோட்டைத் தாண்டியபோது முள் ஆறு நாற்பத்தெட்டில் நின்றது.

முழங்காலைப் பிடித்துக் குனிந்தபடி கேட்டாள்: “எவ்வளவு?”

வாயிலிருந்து தானாக வந்தது: “ஆறு அம்பத்தாறு.”

யோசித்துச் சொன்னதல்ல. ஆனால் நோட்டில் எழுதும்போது யோசித்துத்தான் எழுதினேன். எட்டு விநாடி. சிவப்பு மை அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. அவள் உண்மையில் ஓடிய நேரம் இறங்கினால் நான் சொல்லும் பொய் நேரமும் இறங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்கே சந்தேகம் வரும். அதனால் எப்போதும் அதே எட்டு விநாடியைக் கூட்டினேன். ஆறு நாற்பத்தேழு ஓடினால் ஐம்பத்தைந்து. ஆறு நாற்பத்தைந்துக்கு ஐம்பத்து மூன்று. வீட்டில் படுத்தால் தூக்கம் வராது. பள்ளியில் அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன். ஜனவரி கடைசியில் மாவுக்கட்டை வெட்டி எடுத்தார்கள், கால் குச்சியாக இருந்தது. வசந்தம் வரை ஓடக் கூடாது என்றார் மருத்துவர்.

ஹனியா ஒரு வெள்ளிக்கிழமை குழாயடியில் அழுதுகொண்டிருந்தாள்.

“நான் விட்டுடலாம்னு இருக்கேன் இஸ்ஸா. நெஞ்சு வெடிக்குற மாதிரி ஓடுறேன். உன் நேரத்தைத் தொடவே முடியல. எனக்கு இவ்வளவுதான் போல.”

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. “இன்னும் ஒரு வாரம் பாரு,” என்றேன்.

அவள் விடவில்லை. வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியையும் ஓடத் தொடங்கினாள். பிப்ரவரியில் கெனிஃப்ராப் போட்டிக்குப் புறப்படுவதற்கு முந்தின செவ்வாய் அவள் ஓடியது ஆறு நாற்பத்து நான்கு. நான் சொன்னது ஐம்பத்திரண்டு.

கெனிஃப்ராவுக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். அதே சிவப்பு மண், அதே சேறு. முதல் கிலோமீட்டரில் ஹனியா பன்னிரண்டாவதாக வந்தாள். இரண்டாவதில் ஆறாவது. அவள் வேகத்தைக் கூட்டவில்லை, முன்னால் போனவர்கள்தான் ஒவ்வொருத்தியாகக் குறைந்தார்கள். கடைசி மேட்டில் அவள் தனியாக ஏறினாள். மீமூன் தோள் வலியை மறந்து குதித்தார். லார்பி வாயைத் திறந்து, ஒன்றும் கத்தாமல் மூடிக்கொண்டார். மூவாயிரம் மீட்டர், பத்து நிமிடம் ஐம்பத்தேழு. அந்தத் திடலில் அந்த வயதில் யாரும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

எல்லோரும் அவளைத் தூக்கிக்கொண்டார்கள். நான் கைதட்டினேன். பிறகு யாரும் பார்க்காதபோது வெளியே வந்து சாலையோடு நடக்க ஆரம்பித்தேன். எங்கே போகிறேன் என்று தெரியாது. குச்சிக் காலை இழுத்துக்கொண்டு ஊர் எல்லை வரை போய்விட்டேன். வழியில் வந்த எங்கள் பஸ் நின்று என்னை ஏற்றிக்கொண்டது. “பாவம், கால் வலிக்குது போல” என்று ஹனியா தன் சால்வையை என் மடியில் போட்டாள்.

லார்பிக்கு அன்று பஸ்ஸில் வாந்தி வரவில்லை. மடியில் தன் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு வகுத்துக்கொண்டே வந்தார்.

“மீமூன், இது ஒத்துவரல. சேத்துல, மேட்டுல, அவ்வளவு தூரத்தை நிமிஷத்துக்கு இருநூத்தி எழுபத்தி நாலு மீட்டர் ஓடியிருக்கா. நம்ம சமதரைல, அதுல பாதி தூரத்துக்குக் கொஞ்சம் கூட, இருநூத்தி அறுபத்தெட்டைத் தாண்டினதே இல்ல.”

“போட்டின்னா ரத்தம் சூடாகும், விடு லார்பி.”

“ரத்தம் கணக்குல வராது. நூத்தி எண்பத்தி நாலு தப்பா இருக்கணும். கயிறு இழுபட்டிருக்கும். ஒன்றரை வருஷமா பிள்ளைங்களுக்குத் தப்பான எண்ணைச் சொல்லிட்டு இருந்திருக்கேன்.”

அடுத்த நாள் காலை நான் பள்ளிக்குப் போனபோது அவர் திடலில் முழங்காலிட்டுக் கயிறு பிடித்திருந்தார். உறைபனியில் கால்சட்டை நனைந்திருந்தது. மறுமுனையை ஹனியா பிடித்திருந்தாள். அது மூன்றாவது தடவையாம். மூன்று தடவையும் நூற்று எண்பத்து நான்குதான்.

“அப்போ கடிகாரம்தான்,” என்று அவர் எழுந்தார். முகம் ரொம்பவும் வாடியிருந்தது. “கடிகாரம் மெதுவா ஓடுது. இதை வச்சுத்தான் எல்லாத்தையும் எழுதினோம்.”

“கடிகாரம் சரியாத்தான் ஓடுது உஸ்தாத்,” என்றேன்.

இருவரும் திரும்பினார்கள்.

“நான்தான் எட்டு எட்டு செகண்டா கூட்டிச் சொன்னேன். ஜனவரியிலிருந்து. அவ என்னை எப்பவோ தாண்டிட்டா.”

ஹனியா கயிற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது, அவள் கழுத்து சிவந்ததைப் பார்த்தேன்.

“குழாயடியில நான் அழுதப்போ?”

“அப்பவும்.”

“அப்போ நான் உன்னைத் தாண்டியிருந்தேனா?”

“ஆமா.”

“நீ பாத்துக்கிட்டே நின்னியா?”

அவள் கயிற்றைத் தரையில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனாள். ஓடவில்லை, நடந்துதான் போனாள். லார்பி என்னிடம் கையை நீட்டினார். கடிகாரத்தையும் நோட்டையும் கொடுத்தேன். அவர் ஏதாவது சொல்ல மாட்டாரா என்று நின்றேன்.

“எனக்கு ஓட்டம் தெரியாது. எண் மட்டும்தான் தெரியும்,” என்றார். “அதையும் நீ...” என்று தொடங்கி முடிக்காமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அன்று சிவப்பு மையில் இருந்த என் பெயர் கீழே இறங்கியது. ஜனவரிக்குப் பிறகான ஒவ்வொரு எண்ணையும் அடித்துவிட்டுப் பக்கத்தில் எட்டைக் கழித்து எழுதினார். எல்லோரும் பார்த்தார்கள், எல்லோருக்கும் தெரிந்தது. பையன்கள் என்னைக் கண்டதும் “மணி என்ன இஸ்ஸா? எட்டு செகண்டு தள்ளிச் சொல்லு!” என்று கத்தினார்கள். ஹனியா பெஞ்சு மாறி உட்கார்ந்தாள்.

ஐந்து வாரம் அவள் என்னோடு பேசவில்லை. அந்த ஐந்து வாரம் நான் எங்கேயும் நிலைகொள்ளவில்லை. இம்மா, “உனக்குக் காலு உடைஞ்சப்போகூட இப்படி இல்லையேடி” என்றாள். அவளிடம் சொன்னேன். ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே கேட்டு முடித்து, “மன்னிப்பு கேட்டியா?” என்றாள். அப்போதுதான் உறைத்தது. எல்லாவற்றையும் சொன்னேன், அதைக் கேட்கவில்லை.

மறுநாள் ஹனியாவின் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டேன். அவள் கதவைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டாள். “சரி” என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் கடைசியில் மெக்னெஸில் நாடு முழுவதற்குமான போட்டி. புறப்படும் நாள் காலை பஸ் நிலையத்துக்குப் போய்த் தூரத்தில் நின்றேன். வழியனுப்பத்தான் போனேன், ஏறுவதற்கு அல்ல. ஹனியா படிக்கட்டிலிருந்து என்னைப் பார்த்தாள். உள்ளே திரும்பி லார்பியிடம் ஏதோ பேசினாள். பிறகு இறங்கி வந்தாள்.

“கூட ஒரு பொண்ணு வேணும்னு தலைமையாசிரியர் சொல்லியிருக்கார். நீ வா. ஆனா கடிகாரத்தைத் தொடாத.”

“தொட மாட்டேன்.”

“என்கிட்ட எந்த எண்ணும் சொல்லாத.”

“சொல்ல மாட்டேன்.”

நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டேன். வழியெல்லாம் லார்பிக்கு எலுமிச்சைத் தோலை மூக்கருகே பிடித்துக்கொண்டு வந்தேன். அவர் ஒரு தடவை மட்டும், “இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடி” என்றார்.

மெக்னெஸில் இருநூறு பெண்கள். ஹனியாவைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட்டார்கள், ஒரு கையை ஊன்றி எழுந்தாள். எண்ணை நான் கத்தக் கூடாது, வேறு என்ன கத்துவது என்று தெரியவில்லை. கயிற்றுக்கு வெளியே குறுக்குவழியாக, பாதை வளையும் இடமெல்லாம் தாவித் தாவிப் போய் நின்று, “ஹனியா! ஹனியா!” என்று மட்டும் கத்தினேன். குணமாகாத கால் வலித்தது. நான்காவது வளைவில் அவள் என் பக்கம் திரும்பி, மூச்சுக்கு நடுவே, “கத்து, நிறுத்தாத” என்றாள். ஆறாவதாக முடித்தாள்.

அதற்குப் பிறகு அவள் பதினோரு ஆண்டுகள் ஓடினாள், மெக்னெஸின் ஒரு விளையாட்டுக் கழகத்துக்காகவும் இரண்டு தடவை நாட்டுக்காகவும். நான் வசந்தத்தில் மறுபடி ஓடிப் பார்த்தேன். கால் தாங்கியது, ஆனால் பழைய வேகம் வரவில்லை. கணக்கில் மட்டும் தேறினேன். நில அளவையராக இருபத்தெட்டு வருடமாக இந்த மலைகளில் அளவைக் கருவியையும் அதன் முக்காலியையும் தூக்கிக்கொண்டு அலைகிறேன். ஒரு எண்ணை எழுதுவதற்கு முன் மூன்று தடவை பார்ப்பேன். கூட வேலை செய்பவர்களுக்கு இது எரிச்சல்.

போன கோடையில் ஹனியாவின் மகள் கல்யாணம். சாப்பாட்டுக்கு நடுவே அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உடம்பு போட்டுவிட்டாள், தோள் இரண்டும் இன்னமும் காதுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. யாரோ ஒருவர் பழைய கதையைத் தொடங்கி, “அந்த எட்டு செகண்டு இல்லேன்னா நீ இவ்வளவு தூரம் வந்திருப்பியா ஹனியா? இஸ்ஸாவுக்குத்தான் நன்றி சொல்லணும்” என்று சிரித்தார்.

ஹனியா சிரிக்கவில்லை. அவர் போகும்வரை காத்திருந்து என் காதருகே குனிந்தாள்.

“நீயும் என்னைக்காவது அப்படி நினைச்சிருக்கியா?”

“நினைச்சிருக்கேன்,” என்றேன். பொய் சொல்ல முடியவில்லை.

“இனிமே நினைக்காத. அந்த ஓட்டம் என்னோடது.”

“சரி.”

அவள் என் தட்டைப் பார்த்தாள், கறி தீர்ந்திருந்தது. பெரிய தட்டிலிருந்து நல்ல துண்டாக ஒன்றைப் பிய்த்து என் முன்னால் வைத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரைக் கவனிக்க எழுந்து போனாள்.